பிஸ்கட் உயர்ந்த வரலாறு

பிஸ்கட் என்றதும் தேநீரில் தோய்த்துண்ணும் வில்லையே நம் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலோ அப்பெயர், வெண்ணெய் மணக்க, இரண்டு விரற்கடை உயரத்தில் அடுக்கடுக்காகப் பிரியும் மென்மையான சிறு ரொட்டியைக் குறிக்கும்.

அவ்வுயரம் எளிதில் வந்ததன்று. சோடா உப்பு பரவுமுன், பிசைந்த மாவை மரச்சம்மட்டியால் அரை மணி நேரத்திற்கும் மேலாக அடித்தும் மடித்தும் சற்றே பொங்கச் செய்தனர். அடித்த கைகள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவருடையவை, உண்டவர்கள் எசமானர்கள். பழைய சமையல் நூல்களில் செய்முறை உண்டு. அக்கைகளுக்குரியவரின் பெயரைக் காண்பது அரிது.

1856-இல் ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட், சோடாவுடன் சேர்ந்து மாவைப் பொங்கச் செய்யும் பாஸ்பேட் பொடிக்குக் காப்புரிமை பெற்றார். பொடி வாயுவை வெளியிடும். குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் அடுப்பில் உருகுகையில் எழும் நீராவி அடுக்குகளைப் பிரிக்கும். சம்மட்டிக்கு வேலை குறைந்தது.

மாவை வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகக் கூடாது. திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் எழும்பாது. அவ்வாறு பிஸ்கட் வெட்டுவதற்கான கருவிக்கு 1875-இல் காப்புரிமை பெற்ற அலெக்ஸாண்டர் ஆஷ்பர்ன் ஒரு கறுப்பினத்தவர். அடிமை முறை ஒழிந்து அப்போது பத்தாண்டுகளே ஆகியிருந்தன.