எடப்பாடியின் வரலாறு எந்த அலமாரியில் இருக்கிறது?

வரலாறு என்றாலே மன்னர்கள், போர்கள், கோட்டைகள் என்றுதான் பள்ளிப் பாடம் பழக்கி வைத்திருக்கிறது. தஞ்சாவூருக்கு வரலாறு உண்டு, மதுரைக்கு உண்டு. எடப்பாடிக்கு என்ன வரலாறு இருக்கப் போகிறது என்று கேட்பவர்கள் எடப்பாடியிலேயே இருக்கிறார்கள். சரபங்கா நதிக்கரை, நஞ்சுண்டேஸ்வரர் கோயில், தெருத்தெருவாகத் தறிச் சத்தம், 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்தவரின் பெயரோடு சேர்ந்துகொண்ட ஊர்ப்பெயர்... இவ்வளவுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த எடப்பாடி.

ஆனால் எடப்பாடிக்கு வரலாறு இல்லாமல் இல்லை. அது ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கொஞ்சம் சென்னை எழும்பூரில், கொஞ்சம் சேலத்தில், கொஞ்சம் பத்திரப் பதிவு அலுவலகத்தில், கொஞ்சம் யாரோ ஒருவர் வீட்டுப் பரண் மேல் கிடக்கிறது. ஒரு சிறு ஊரின் ஆவணங்களைத் தேடி, காப்பாற்றி, ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதற்கு எடப்பாடி ஒரு நல்ல உதாரணம்.

ஒரே ஊர், பல பெயர்கள்

முதல் சிக்கல் ஊரின் பெயரிலேயே தொடங்குகிறது. பேச்சில் எடப்பாடி. பழைய எழுத்தில் இடைப்பாடி. ஆங்கில ஆவணங்களில் சில இடங்களில் 'ஐ' எழுத்தில் தொடங்கும், சில இடங்களில் 'இ' எழுத்தில் தொடங்கும். அகரவரிசையில் அமைந்த ஒரு பட்டியலில் ஒரு பெயரை மட்டும் தேடினால் மற்ற பெயரில் உள்ளவை எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது பலருக்கும் நினைவிருக்கலாம். எழுத்து மாறினால் தேடுகிறவர் வழியும் மாற வேண்டும். ஆகவே ஆவணம் தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதுதான்.

இரண்டாவது சிக்கல் எல்லை. ஆங்கிலேயர் காலத்தில் எடப்பாடி திருச்செங்கோடு தாலுகாவில் இருந்தது. பிறகு சங்ககிரி தாலுகா. அதற்கும் பிறகுதான் எடப்பாடியே ஒரு தாலுகாவின் தலைமையிடம் ஆனது. 1997இல் சேலம் மாவட்டத்தைப் பிரித்து நாமக்கல் மாவட்டம் உருவானபோது திருச்செங்கோடு நாமக்கல்லுக்குப் போய்விட்டது. எடப்பாடி சேலத்திலேயே நின்றது. ஒரு ஊரின் தாத்தா காலத்துக் காகிதம் இன்று வேறொரு மாவட்டத்தின் பெயரில் இருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் இதன் பொருள்!

1792க்குப் பிறகு வந்த காகிதங்கள்

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தன் ஆட்சிப் பகுதியில் பாதியை விட்டுக்கொடுத்தார். அதில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது.

வரி வாங்க வேண்டுமென்றால் கணக்கு வேண்டும். யார் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறார்கள், என்ன விளைகிறது, என்ன தொழில் நடக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். அந்தக் காகிதங்கள் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் மக்கள், விளைபொருள்கள், நில உரிமை, நிலவரி, பிற வரிகள் என்று பொருள்வாரியாகப் பிரித்துப் பின்னாளில் அச்சிடப்பட்டன. 1883இல் லெ பானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியரும் இவற்றின் தொடர்ச்சி.

இவை சென்னை எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட பெரிய செங்கல் கட்டடத்தில், அதாவது அன்றைய மதராஸ் ஆவணக் காப்பகத்தில், 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று அழைக்கப்படும் இடத்தில், பாதுகாக்கப்படுகின்றன. 1858இல் ஏற்படுத்தப்பட்ட இனாம் ஆணையம் தயாரித்த இனாம் பதிவேடுகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு. கோயில் நிலம் யாருடையது என்று வழக்கு வந்தால் வக்கீல்கள் முதலில் தேடுவது அந்தப் பதிவேட்டைத்தான். பழைய காகிதம் என்பது வெறும் ஆராய்ச்சிக்காரர் விஷயம் இல்லை. ஒரு ஊரின் சொத்துரிமையே அதில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பரண்

மேலே சொன்னதெல்லாம் மேலதிகாரிகள் எழுதியது. அவர்களுக்கு விவரம் கொடுத்தவர் யார்? ஊர்க் கணக்குப்பிள்ளை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்த வேலை அது. முதலில் ஓலையில் எழுதினார்கள், பிறகு காகிதத்தில். இந்தக் கணக்குகளின் மதிப்பைப் புரிந்துகொண்டவர்களில் முக்கியமானவர் காலின் மெக்கன்சி. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். ஊர் ஊராக ஆள் அனுப்பி 'கைபீது' எனப்படும் ஊர் வரலாறுகளை எழுதி வாங்கினார். அவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. பின்னர் அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரை வழக்கத்தை முடித்து, படித்த யாரும் அந்த வேலைக்கு வரலாம் என்று ஆக்கிய நல்ல மாற்றம்தான் அது. ஆனால் ஆவணங்களின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. நடப்பில் இருந்த கணக்குகள் புதியவர் கைக்கு வந்தாக வேண்டும், ஏனென்றால் அவை இல்லாமல் வேலை நடக்காது. நடப்பில் இல்லாத பழைய கட்டுகளை யார் கேட்பார்கள்? யாரும் கேட்காத காகிதம் பரணில்தான் தங்கும். வீடு இடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

அழிப்பதற்கும் விதி உண்டு

கரையான் தின்றது, மழையில் நனைந்தது என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான அரசுக் காகிதங்கள் விதிப்படியே அழிக்கப்படுகின்றன. ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஒரு முடிவெண் இடுவார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். கெடு முடிந்த கோப்பு கழிக்கப்படும்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. எல்லாக் காகிதத்தையும் வைத்துக்கொள்ள எந்த அலுவலகத்திலும் இடம் கிடையாது. ஆனால் எது நிரந்தரம் என்று முடிவு செய்வது நிர்வாகத் தேவை. வரலாற்றுத் தேவை வேறு. குடிநீர்க் குழாய் கேட்டு ஒரு தெருவே கையெழுத்துப் போட்ட மனு நிர்வாகத்துக்கு ஓராண்டுக் காகிதம். ஆனால் அந்தத் தெருவில் அப்போது யார் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எத்தனை பேர் கைநாட்டு வைத்தார்கள் என்று சொல்லும் ஒரே சான்று அதுவாகவே இருக்கலாம். பத்து வருடத்தில் ஒன்றையாவது மாதிரிக்கு எடுத்து வைத்தால் போதும், பிற்காலத்துக்கு ஒரு படம் கிடைக்கும்.

1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான் பொருந்தும். மாநில அரசின் தாலுகா அலுவலகத்தையோ நகராட்சியையோ அது கட்டுப்படுத்தாது. எனவே சிறு ஊரின் காகிதத்துக்கு ஊர்க்காரர்களின் அக்கறைதான் முதல் காவல்.

அரசு எழுதாத வரலாறு

அரசு எழுதாதது இதைவிட அதிகம். எடப்பாடியில் நெசவுதான் பெரிய தொழில். பாவு யாருக்குப் போனது, கூலி என்ன, கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு ஒரு குடும்பம் எப்போது மாறியது என்பதெல்லாம் சொசைட்டிப் பதிவேட்டிலும் முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டிலும்தான் இருக்கும். அந்த நோட்டைத் தூக்கிப் போட்டால் ஒரு ஊரின் உழைப்பே கணக்கில் இல்லாமல் போகும்.

இன்னொன்று பழனி பாதயாத்திரை. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடி பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து செல்வதும், மலைமேல் இரவு தங்குவதும், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாரிப்பதும் தமிழகம் முழுவதும் தெரிந்த செய்தி. முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய வழக்கம் என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய், சமைத்து, தங்கித் திரும்புவது கணக்கு வழக்கு இல்லாமல் நடக்காது. வாழைப்பழம் எவ்வளவு, சர்க்கரை என்ன விலை, எந்த ஊரில் தங்கினார்கள் என்று வருடாவருடம் எழுதுகிற வரவு செலவு நோட்டுகளை அடுக்கி வைத்தாலே அது கொங்கு நாட்டின் விலைவாசி வரலாறு ஆகிவிடும்!

காகிதம் ஏன் முக்கியம் என்பதற்கு எடப்பாடிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை பல ஊர்களை மூழ்கடித்தது. நீர்மட்டம் குறையும்போது பண்ணவாடி பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். மக்கள் வேடிக்கை பார்க்கப் போவார்கள். ஆனால் அங்கே யார் எந்த வயலை உழுதார்கள் என்று நந்தி சொல்லாது. நிலத்தில் இல்லாத ஊர் காகிதத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கும்.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரை சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைக்க வழி செய்தது.

கொங்கு நாட்டில் புலவர் செ. இராசு ஊர் ஊராக அலைந்து செப்பேடுகளையும் பட்டயங்களையும் படித்து அச்சேற்றினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழக ஊர்களில் தனியார் வீடுகளில் இருந்த பழைய நில, குடும்ப ஆவணங்களைப் படமெடுத்துப் பதிவு செய்தது. மூலம் வீட்டிலேயே இருக்கும், படம் எல்லோருக்கும் கிடைக்கும். "எங்க பாட்டன் சொத்து, கொடுக்க மாட்டோம்" என்பவரிடம் இந்த வழிதான் எடுபடும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருந்தவை திரும்பி வரவே இல்லை. ஈழத்தமிழர்கள் 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், ஊர் மலர்கள், நினைவு மலர்கள் வரை எல்லாவற்றையும் மின்வடிவாக்கி வருகிறது.

எடப்பாடியில் தொடங்குவதென்றால்...

பெரிய கட்டடம் வேண்டாம். முதலில் வேண்டியது ஒரு பட்டியல். எந்த அலுவலகத்தில், எந்த வீட்டில், எந்தக் கோயிலில், எந்தச் சங்கத்தில் என்ன இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று மட்டும் எழுதினால் போதும். இருப்பது தெரிந்தால்தான் தொலைவதும் தெரியும்.

அடுத்தது, கலைக்கக் கூடாது. கிடைத்த காகிதங்களைத் தலைப்புவாரியாகப் பிரித்து அடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். கோயில் சம்பந்தப்பட்டது இங்கே, நிலம் சம்பந்தப்பட்டது அங்கே என்று. அது தவறு. ஒரு வீட்டில் ஒரே கட்டில் இருந்தவை ஒரே கட்டிலேயே இருக்க வேண்டும். ஒரு கடன் பத்திரத்தோடு ஒரு கல்யாணச் செலவுக் கணக்கு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் கடன் எதற்கு வாங்கினார்கள் என்பதை அந்தக் கட்டே சொல்கிறது. பிரித்தால் அந்தச் செய்தி போய்விடும். பிரான்சில் 1841இலேயே அரசு ஆவணக் காப்பகங்களுக்கு இதை விதியாக வகுத்துவிட்டார்கள். தலைப்புவாரித் தேடலுக்குத் தனியே ஓர் அட்டவணை எழுதிக்கொண்டால் போயிற்று.

மூன்றாவது, பாதுகாப்பு. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். பிளாஸ்டிக் லேமினேஷனும் வேண்டாம், போட்டால் பிரிக்க முடியாது. குண்டூசி துருப்பிடிக்கும், எடுத்துவிட வேண்டும். சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் பருத்தித் துணியில் சுற்றி வைத்தாலே பாதி ஆபத்து குறையும். நம் முன்னோர் வசம்பும் வேப்பிலையும் வைத்தது சும்மா இல்லை.

நான்காவது, படமெடுத்தல். இன்று கைபேசியிலேயே தெளிவாக எடுக்கலாம். ஆனால் படத்துக்கு எண்ணும், எந்தக் கட்டு, எத்தனையாவது தாள் என்ற குறிப்பும் இல்லாவிட்டால் ஆயிரம் படம் இருந்தும் பயனில்லை. ஒன்றுக்கு மூன்று பிரதி, மூன்றும் வெவ்வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய பட்டமோ பெரிய பணமோ தேவையில்லை. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர், ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர், பொறுமை கொஞ்சம். பழைய எழுத்தையும் பழைய அளவைகளையும் வாசிக்கத் தெரிந்த தலைமுறை இன்னும் சில காலம்தான் இருக்கும். வள்ளம், படி, பொன், பணம் என்று எழுதியிருப்பதை விளக்க ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் போன பிறகு காகிதம் இருந்தும் ஊமையாகிவிடும்.

மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டு பார்த்துக்கொள்ளும். தறி ஓட்டியவரின் வரலாறு, காவடி தூக்கியவரின் வரலாறு, மனுவில் கைநாட்டு வைத்தவரின் வரலாறு எல்லாம் அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் அந்தச் சாக்கு மூட்டையில் இருக்கலாம். அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்ப்பதுதான் ஊருக்குச் செய்கிற முதல் உதவி.