தொட்டிலில் குடித்த விஷம்

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தினிடம் ஒரு பேராசை உண்டு. ராஜாக்களும் யுத்தங்களும் மட்டும் போதா. குற்றவாளி யாரென்று கடைசிப் பக்கம் வரையில் தெரியாத சரித்திரமாக ஒன்று வேண்டும். அப்படி ஒன்று பயிர்நோய்ப் புத்தகங்களுக்குள் எனக்கு அகப்பட்டது. அதில் கொலையுண்டது தக்காளிச் செடி. "இதென்ன, சமையற்கட்டுச் சமாசாரம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு போகத்துத் தக்காளியை நம்பிக் கடன் வாங்கியவன் வீட்டில் அது சமையற்கட்டோடு நிற்கிற சமாசாரம் அல்ல.

1915-ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாகாணத்துத் தக்காளித் தோட்டங்களில் ஒரு புது நோய் தென்பட்டது. இளந்தளிரின் மேற்புறம் வெண்கல நிறமாக மாறும். பிறகு புள்ளிகள் விழும், குருத்து கருகும், செடி வளர்ச்சி நின்று வாடும். தப்பிப் பழுத்த பழத்தின் தோலிலும் வட்டத்துக்குள் வட்டமாகக் கறை படிந்திருக்கும். 1919-இல் பிரிட்டில்பேங்க் என்ற நிபுணர் இதை விவரித்து எழுதினார். 'புள்ளி வாடல்' என்று நோய்க்குப் பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

1927-இல் பிட்மன் என்பவர் ஒரு பூச்சியின்மேல் விரலை நீட்டினார். அது இலைப்பேன், ஒரு மில்லிமீட்டர் நீளந்தான் இருக்கும். 1930-இல் அடிலெய்டு நகரத்து வெயிட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸாமுவேலும் பால்டும் பிட்மனுடன் சேர்ந்து, நோய்க்கு மூலம் ஒரு வைரஸ் என்று நிலைநாட்டினார்கள். நோயுற்ற செடியின் சாறு நல்ல செடியையும் நோயாளியாக்கியது. ஆனால் அந்தச் சாற்றைச் சில மணி நேரம் வெளியே வைத்தால் அதன் வீரியம் போய்விட்டது. ஆகவே ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போக அதற்கு ஒரு வாகனம் வேண்டும். இலைப்பேன்தான் அந்த வாகனம்.

குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாற் போலிருந்தது அல்லவா? இங்கேதான் கதை திரும்புகிறது. வளர்ந்த இலைப்பேனைக் கொண்டுபோய் நோயுற்ற செடியில் மேயவிட்டு, பிறகு நல்ல செடியில் விட்டால் நோய் வரவில்லை! இறக்கை முளைக்காத குஞ்சுப் பருவத்தில் நோய்ச் செடியை உறிஞ்சிய பூச்சி வளர்ந்து பறந்து சென்ற இடத்தில்தான் நோய் வந்தது. 1931-இல் பால்டும் ஸாமுவேலும் இதை வெளியிட்டார்கள். குஞ்சின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வைரஸ் போய்ச் சேர வழி இருக்கிறது. வளர்ந்த பூச்சியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. பூச்சியின் உடம்புக்குள்ளேயே அந்த வைரஸ் பெருகுகிறது என்பதும் 1993-இல் தெரியவந்தது. குஞ்சில் குடித்ததை அது சாகிற மட்டும் சுமக்கிறது. ஆனால் தன் முட்டைக்கு அதைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத்தான் குடிக்க வேண்டும்.

இளமையில் பட்டது கடைசி வரையில் விடாது என்று நாவலாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த உபதேசத்தை இங்கே நீட்ட நான் விரும்பவில்லை. தோட்டக்காரனுக்கு இதிலே கிடைத்தது உபதேசத்தைவிடப் பெரிய விஷயம். குஞ்சுக்கு இறக்கை இல்லை. பிறந்த செடியில்தான் அது குடிக்கும். ஆகவே நோயும் இலைப்பேன் முட்டையும் ஒருசேரத் தங்கும் செடி எதுவோ அதுவே நோயின் பிறப்பிடம். இந்த வைரஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடி வகைகளில் குடியிருக்கக் கூடியது. பல இடங்களில், வேலியோரத்தில் யாரும் கவனிக்காத களைதான் அதன் தொட்டில். அங்கிருந்து பறந்துவந்த பூச்சி ஐந்து நிமிஷம் உறிஞ்சினாலே தக்காளியின் கதை முடிந்துவிடலாம். மருந்து தெளித்துப் பூச்சி சாவதற்குள் காரியம் நடந்துவிடுகிறது! களையைப் பிடுங்குவதும், நாற்றங்காலுக்கு நெருக்கமான வலை கட்டிக் காப்பதும் அதனாலேதான் முக்கியமாயின.

1970-களுக்குப் பிறகு வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த ஓர் இலைப்பேன், பூக்களோடும் நாற்றுகளோடும் உலகமெங்கும் பிரயாணம் செய்தது. 1983-இல் நெதர்லாந்தில் இறங்கி, ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் குடைமிளகாய்க்கும் எமனாயிற்று. பூச்சிமருந்துகளுக்கு அது சீக்கிரமே பழகிக்கொண்டது. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து நோயைத் தடுக்கும் குணத்தை எடுத்துத் தோட்டத்துத் தக்காளியில் சேர்த்தார்கள். மிளகாயிலும் அவ்வாறே ஒரு குணத்தைச் சேர்த்தார்கள். சில தேசங்களில் அந்த வேலிகளையும் தாண்டும் வைரஸ் வகைகள் தோன்றிவிட்டன.

நம் நாட்டில் நிலக்கடலையின் மொட்டைக் கருக்கி, தக்காளியையும் பாழாக்குகிற வைரஸை முதலில் இதுவேயென்று கருதினார்கள். அது வேறு இனம், இதற்கு நெருங்கிய உறவு என்று 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அதற்கும் வாகனம் இலைப்பேன்தான்.

கடையிலே தக்காளி பொறுக்கும்போது தோலில் வட்ட வட்டமாகக் கறை படிந்த பழம் என்றைக்காவது உங்கள் கைக்கு வரலாம். கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பழம் வந்த வயலில் மற்றச் செடிகள் என்னவாயின என்று மாத்திரம் அவரிடம் விசாரியுங்கள்.