காற்று முதுகில் அடிக்கும்போது: ஒரு கழியின் கதை

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பையன்கள் ரெண்டு பேர், கே.சி. கணபதியும் வருண் தக்கரும், 49இஆர் வகைப் படகில் போட்டியிட்டார்கள். அந்தப் படகோட்ட வீடியோ எதையாவது பார்த்தீர்கள் என்றால் ஒரு விஷயம் கண்ணில் படும். படகின் மூக்கிலிருந்து ஒரு கழி நீட்டிக்கொண்டிருக்கும், அதில் பலூன் மாதிரி ஒரு பெரிய பாய் கட்டியிருக்கும். ஆனால் பழைய பந்தயப் படகுகளின் படங்களில் அந்தக் கழி மூக்கில் இல்லை, பாய்மரத்தில் மாட்டியிருக்கிறது. ஏன் என்று தேட ஆரம்பித்தேன். பட்டாபிராமில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள், தேடல் எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். பின்காற்று என்றால் படகுக்கு சுகம்தானே என்று தோன்றும். பாதி உண்மை. காற்று நேர் பின்னாலிருந்து வந்தால் பெரிய பாய் முன்பாயை மறைத்துவிடும். காற்று கிடைக்காத முன்பாய் தொய்ந்து விழும், படகு ஆடும்போதெல்லாம் படார் படார் என்று அடித்துக்கொள்ளும். அதை வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் இந்தக் கழி. ஒரு முனை பாய்மரத்தில், இன்னொரு முனை பாயின் கீழ் மூலையில்.

நம் கரையில் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி கையாண்டிருக்கிறார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். கட்டுமரம், தோணி, பாக் நீரிணையின் வள்ளம் என்று ஒவ்வொன்றாக அவர் ஆராய்ந்திருக்கிறார். நம் பாய்களில் பெரும்பாலும் பாயின் மேல் விளிம்பு முழுக்க ஒரு நீண்ட மரத்தில் கட்டியிருக்கும். அதற்குப் பெயர் பருமல். பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். பாயை விரித்துவைக்கும் வேலையில் பெரும்பங்கை பருமலே பார்த்துவிடுகிறது. அது கயிற்றில்தான் தொங்குகிறது. அதனால் பாய்மரத்தில் இரும்பு வளையமோ திருகோ தேவைப்படவில்லை.

இதில் பருவக்காற்றுக்கும் பங்கு உண்டு என்பது என் வாசிப்பு. ஆறு மாதம் ஒரு திசை, ஆறு மாதம் எதிர்த்திசை. தூரப் பயணம் போகிறவர்கள் சாதகமான காற்றுக்குக் காத்திருந்து கிளம்பலாம். ஐரோப்பிய உல்லாசப் படகுகளின் கதை வேறு. எதிர்காற்றில் நன்றாக ஏறுவதற்கென்று அவற்றின் முக்கோண முன்பாய்கள் வளர்ந்தன, பின்காற்றில் சொதப்பின. 1860களில் இங்கிலாந்துப் பந்தயங்களில் ஸ்பின்னேக்கர் என்ற பலூன் பாய் வந்தது, கூடவே அதற்கொரு கழியும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு ‘பேட்ச்’. மூல டிசைனை மாற்றாமல் குறையை மட்டும் அடைக்கிற வேலை.

ஆனால் பேட்ச் போட்டால் புதுப் பிரச்சினை வருமே! கழியின் வெளிமுனையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கயிறு, கழியோடு சின்னக் கோணத்தில் இருந்தால் கணக்கு பயங்கரமாக மாறுகிறது. கோணம் 15 டிகிரி என்றால், பாய் முன்னோக்கி இழுக்கும் விசையைப்போல ஏறக்குறைய 3.7 மடங்கு, கழி வழியாகப் பாய்மரத்தை அழுத்தும். கழியைத் தாங்கும் வளையமோ தண்டவாளமோ பாய்மரத்தின் வளைவுக்குப் பொருந்தி உட்கார வேண்டும் என்பது இதனால்தான். வளையம் நல்ல உயரத்திலும் இருக்க வேண்டும், படகு சாயும்போது கழிமுனை தண்ணீரில் முங்கினால் திருகுகளைப் பிடுங்கிவிடும்.

இன்றைய பாய்மரம் அலுமினியக் குழாய். உள்ளே கை விட்டு நட்டு மாட்ட முடியாது. குழாயின் சுவரிலேயே மரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் ரிவெட் அடிக்க வேண்டும். திருகு நீளமாக இருந்தால் உள்ளே ஓடும் கயிறுகளை அறுக்கும். எவர்சில்வர் திருகும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரிதான், அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் பசையோ பிளாஸ்டிக் தகடோ வைத்தே ஆக வேண்டும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்? நடுக்கடலில் தனியாக இருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. 1933ல் பிரெஞ்சுக்காரர் மரின்-மாரி, கழிகளில் விரித்த இரட்டைப் பாய்களோடு தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். 2023ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஜெயித்த கிர்ஸ்டன் நியூஷாஃபரும் பின்காற்றில் இரட்டை முன்பாய்களைக் கழிகளில் விரித்துத்தான் ஓடினார். இரண்டாவதாக வந்தவர் நம் அபிலாஷ் டோமி. அதே பந்தயத்தில் 2018ல் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் உடைந்து, முதுகெலும்பு அடிபட்டு, மூன்று நாள் கழித்து மீட்கப்பட்டவர் அவர். பாய்மரம் எவ்வளவு தாங்கும் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

இதைப் படித்துவிட்டு ‘நம் முன்னோர் அப்பவே கழி தேவையில்லாமல் ஓட்டினார்கள்’ என்று யாரும் ஃபார்வேர்டு அனுப்ப வேண்டாம். நம் ஆட்கள் ஐரோப்பிய முறையையும் தயங்காமல் எடுத்துக்கொண்டவர்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி, அப்படிப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கினார், பெயரையும் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் ஓட்டிப்போய் 1938ல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். தேவைக்கு எது பொருந்துமோ அதைக் கட்டியவர்கள் அவர்கள்.

சரி, கழி ஏன் மூக்குக்குப் போனது? கணபதியும் வருணும் ஓட்டிய படகு நேர் பின்காற்றில் ஓடுவதில்லை. காற்றைப் பக்கவாட்டில் வாங்கி, வளைந்து வளைந்து போவதே அதற்கு வேகம். பாய்மரத்தை அழுத்தும் கழியே அதற்கு வேண்டியதில்லை. பேட்ச் மேல் பேட்ச் போட்டவர்கள் கடைசியில் டிசைனையே மாற்றிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த மூக்குக் கழிக்கு நம்மிடம் ஒரு தமிழ்ச் சொல் புழக்கத்தில் இல்லை. பருமல், ஆஞ்சான், தாமான் என்று ஒவ்வொரு கட்டைக்கும் கயிற்றுக்கும் பெயர் வைத்த மொழி இது. மோட்டார் வந்து பாய் இறங்கியபோது அந்தச் சொற்களும் அகராதிக்குள் இறங்கிவிட்டன. கரையோரத்தில் வயசான தோணிக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவர் சொல்லும் சொற்களை இப்போதே எழுதி வையுங்கள்.