கேக் நடையின் பூர்வீகம்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று, நீர்வளத்தைத் தன் பெயரிலேயே உடைய கிராமம். அங்கே கோயில்கொண்ட பிள்ளையாரும் ஊற்றங்கரைப் பிள்ளையார் என்றே வழங்கப்படுகிறார். குளக்கட்டு உயர்த்தி, துருசு வைத்து, மாரிமழையைத் தேக்கி நெல் விளைவிக்கும் வன்னி மண்ணில், தண்ணீரின் அருமையையும் அதைச் சுமக்கும் வருத்தத்தையும் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலால், சிரமமற்ற காரியத்தைக் ‘கேக் வாக்’, அதாவது கேக் நடை, என்று ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கின் பூர்வ சரித்திரத்தை இவ்வூரார் எளிதில் உணர்வர் என்பது என் துணிபு; அந்தச் சரித்திரத்திலும் தலையில் ஏற்றிய தண்ணீர் வாளி ஒன்று இருக்கிறது.

1865ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்படுவதற்கு முன்னர், தென்மாநிலத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க வம்சத்தினர், ஓய்வு வாய்த்த வேளைகளில் ஆணும் பெண்ணுமாக இணைசேர்ந்து நடைப்போட்டி நடத்தினர். வளைவும் திருப்பமுமாக வகுத்த பாதையில், நீர் நிறைந்த வாளியைத் தலையில் தாங்கி, உடல் நிமிர்ந்து, துளியும் சிந்தாமலோ பிறரினும் குறைவாகச் சிந்தியோ நடந்து முடித்த இணைக்கே வெற்றி என்று, 1873இல் பிறந்த கறுப்பினக் கலைஞர் டொம் பிளெச்சர் தம் பாட்டனார் வாய்க் கேட்டதை எழுதிவைத்துள்ளார். முதுகைப் பின்வளைத்துக் காலை உயர வீசும் ஆடம்பர நடையும் அக்காலத்திலேயே அதனோடு சேர்ந்து வளர்ந்தது. அது எஜமானர் மாளிகை நடனங்களின் படாடோபத்தைப் பரிகசித்த நடை. பரிகாசத்துக்கு ஆளானவர் தாமே என்பதை அறியாத எஜமானர்கள், நடுவராக அமர்ந்து ரசித்து, வென்றவர்க்குக் கேக்கைப் பரிசளித்தனர்.

விடுதலைக்குப் பின்னர் இந்நடை மேடையேறிற்று. 1898இல் வில் மேரியன் குக் இசையமைத்த ‘குளோரிண்டி’ என்னும் இசைநாடகம் நியூயோர்க்கில் அதை அரங்கேற்ற, 1903இல் பேர்ட் வில்லியம்ஸ், ஜோர்ஜ் வோக்கர், ஐடா ஓவர்ட்டன் வோக்கர் ஆகிய கறுப்பினக் கலைஞர்கள் ‘இன் டஹோமி’ என்னும் நாடகத்துடன் இலண்டன் சென்று, பக்கிங்ஹாம் அரண்மனையிலும் ஆடினர். இதற்கிடையே அப்பெயர், எளிதிற் கிட்டும் வெற்றிக்கும் வருத்தமின்றி முடியும் வேலைக்கும் உரியதாயிற்று. கண்டவர் நடையின் லாவகத்தைக் கண்டார்களேயன்றி, அதற்கு முந்திய பயிற்சியைக் காணவில்லை என்றே எண்ணுகிறேன்.

ஈர வயலில் கமக்காரன் விதைநெல்லை அள்ளி வீசும்போது, ஓரிடத்தில் செறியாமலும் ஓரிடத்தில் வெறுமையாகாமலும் அது சீராக விழுவதைக் காண்பவர்க்கும், அது வெறும் கையசைப்பாகவே தோன்றும். லாவகமாகச் செய்யப்படும் தொழிலை எளிதென்று மதிப்புக் குறைத்துப் பேசுவது, அதைக் கற்றவரின் காலத்தையும் உழைப்பையும் கணக்கிற் சேர்க்காத அநீதி. அவ்வநீதியைக் களைவதற்கே இத்தகைய சொற்களின் சரித்திரத்தை நாம் கற்க வேண்டும்.