மருதையாறும் ஒரு ராஜினாமாவும்

செட்டிகுளத்துல சின்ன வெங்காயப் பட்டறையைப் பிரிக்கும்போது உள்ளே அழுகியிருந்தா, முதல்ல வர்ற கேள்வி, "யாருய்யா இதைப் போட்டது?" ஈரத்தோட போடச் சொன்னது யார்னு யாரும் கேட்க மாட்டாங்க. பழி எப்பவும் கீழ்நோக்கித்தான் ஓடும். அது ஒருமுறை மேல்நோக்கிப் போன கதைதான் இன்றைக்கு.

எங்க ஆலத்தூர் வட்டத்துல ஓடுற மருதையாறு அரியலூர் பக்கமும் போகுது. 1956 நவம்பர் 23, விடியற்காலை. கடும் மழை, ஆற்றுல பெருவெள்ளம். சென்னையில இருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலத்துல கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பிறகே அவர் ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, என்ன நடந்தாலும் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்னு யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

ராஜினாமா செய்தா போன உயிர் திரும்புமா? திரும்பாது. பாலத்தையும் அது பலப்படுத்தாது. அதனால இதை மட்டும் வைத்துக் கொண்டாடிவிட முடியாது. பொறுப்பேற்ற பிறகு தலைவர் தன் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்பதும் முக்கியம். அதுக்கு இன்னொரு சம்பவம்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். பத்திரிகையாளர்களை எதிர்கொண்டது அவரல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்வியைத் தன்மேல் ஏற்று, தன் குழுவை நம்புவதாகச் சொன்னார். அதே கலாம், அதே குழு. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள். அன்றைக்கு தவான், "நீங்க போய்ப் பேசுங்க" என்று கலாமை அனுப்பிவைத்தார். இதைக் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த 11 மாதத்துல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. திட்டு வாங்கிய ஆள் அடுத்த முறை தப்பை மறைப்பான். மதிப்போடு நடத்தப்பட்ட ஆள், "இங்கதான் கோளாறு" என்று தானே வந்து சொல்வான். கோளாறு தெரிஞ்சாதானே சரி செய்ய முடியும்?

அடுத்த முறை உங்க பட்டறையில வெங்காயம் அழுகினா, "யார் போட்டது?"னு கேட்கிறதுக்கு முன்னாடி, "நான் என்ன சொல்லிப் போடச் சொன்னேன்?"னு ஒருமுறை கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.