டாங்கியை மடக்கிய தகர டப்பா

இரண்டாம் உலகப்போர் பற்றிப் படிக்கும்போது எல்லோருடைய கவனமும் தளபதிகள் மேல் போகும். பணிமனையில் காலம் கழித்த எனக்கோ ஒரு தகர டப்பாவின் மேல்தான் கண்.

1940-ல் பிரிட்டிஷ் படை டன்கிர்க்கில் டாங்கிகளையும் பீரங்கிகளையும் கைவிட்டு, ஆட்களோடு மட்டும் ஊர் திரும்பியது. டாங்கியைத் தடுக்க மலிவான, எளிதில் செய்யக்கூடிய சாதனங்கள் தேவைப்பட்டன. 1942-ல் வந்த 'ஹாக்கின்ஸ் 75' அப்படி ஒன்று. பெயருக்குக் கையெறி குண்டு. பெரும்பாலும் பயன்பட்டது கண்ணிவெடியாக. மொத்த எடை ஒரு கிலோ, அதில் வெடிமருந்து அரைக் கிலோவுக்கும் குறைவு. மேல் தகட்டில் வண்டி ஏறினால் உள்ளே அமிலக் குப்பி நொறுங்கும். அமிலம் ரசாயனத்தில் பட்டதும் வெடிக்கும். கடிகாரமும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அரைக் கிலோ மருந்து டாங்கியை உடைக்குமா? உடைக்காது, உடைக்கவும் வேண்டாம். சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை அறுந்தால் போதும். நகராத டாங்கியைப் பீரங்கி பார்த்துக்கொள்ளும். இவற்றைச் சரமாகக் கட்டி, டாங்கி நெருங்கும்போது சாலையின் குறுக்கே இழுத்துவிடுவார்களாம். நம்மூர்ப் பட்டாசுச் சரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது!

மண்ணில் புதைக்கும் பெரிய கண்ணிகளில் சிக்கல் வேறு. ஆள் மிதித்தால் தாங்க வேண்டும், டாங்கி ஏறினால் வெடிக்க வேண்டும். சிலவற்றில் இந்தக் கணக்கு ஒரு மெல்லிய ஊசியில் இருந்தது. பணிமனையில் அதை 'ஷியர் பின்' என்போம். சுமை மீறினால் பின் முறியும், மெஷின் தப்பும். இங்கே பின் முறிந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்.

எடையை அளந்த அந்த ஊசிக்கு ஆளை அடையாளம் தெரியாது. லிபியாவின் கஸாலாவில் பிரிட்டிஷார் லட்சக்கணக்கில் கண்ணி புதைத்தார்கள். 1942 ஜூனில் ரோமலின் படை அந்த இடத்தைப் பிடித்தது. தோண்டியெடுத்த கண்ணிகள் எல் அலமைனில் பிரிட்டிஷாருக்கு எதிராகவே புதைந்தன. அக்டோபரில் தாக்குதல் தொடங்கியபோது சப்பர்கள் தவழ்ந்தபடி, துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்தி வழி திறந்தார்கள். போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்டறியும் கருவியும் கைகொடுத்தது. அந்தப் பாலைவனப் போரில் 4-வது இந்திய டிவிஷனோடு நம் மதராஸ் சப்பர்களின் 12-வது கம்பெனியும் இருந்தது என்பதை இங்கே யார் பேசுகிறார்கள்?

இங்கிலாந்துக் கடற்கரைகளிலும் 1940-ல் கண்ணி புதைத்திருந்தார்கள். ஜெர்மானியர் வரவே இல்லை. பிறகு அகற்றப் போனபோது, வரைபடத்தில் குறித்த இடத்தில் பல கண்ணிகள் இல்லை. அலையும் மணலும் நகர்த்தியிருந்தன. அந்த வேலையில் இறந்தவர்கள் அவர்களுடைய சொந்த சப்பர்கள்.