செய்தி ஓடும் வேகம்



பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினியில் சேர்த்து வைத்துள்ள பதிவேடுகளை, ஒவ்வோர் இரவும் வேறோர் இடத்திற்குப் படியெடுத்து வைப்பது இக்காலத்து வழக்கம். இதனைக் காப்பு நகல் என்கிறோம். அலுவலகப் பேச்சில் 'பேக்கப்' என்பார்கள். மாணவர் பதிவு, சம்பளக் கணக்கு, நோயாளிகளின் குறிப்பு ஆகியவற்றைத் தாங்கிய இயந்திரம் ஒருநாள் பழுதடைந்தால், மீட்டெடுக்க நமக்கு இருப்பது அந்த நகல் ஒன்றே. இரவு 10 மணிக்குத் தொடங்கும் இவ்வேலை, காலை 6 மணிக்குள் முடிந்தாக வேண்டும். கம்பியின் வழியே செய்தி ஓடும் வேகம் குறைந்தால் வேலை பாதியில் நிற்கும். நகலும் அரைகுறையாகவே இருக்கும். அது அரைகுறை என்பது பெரும்பாலும் இயந்திரம் பழுதான பிறகுதான் தெரியவரும்.

'கம்பி நல்ல கம்பிதானே, வேகம் ஏன் குறைகிறது?' என்னும் இக்கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. 160 ஆண்டுகளுக்கு முன்பே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் அறிஞர்கள் இக்கேள்வியால் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவர்கள் கற்ற பாடம் நமக்கும் உதவும் என்பதால், இன்றைய உரையில் அவ்வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5ஆம் நாள், அயர்லாந்தின் வாலண்டியா தீவையும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைக்கும் தந்திக் கம்பி கடலடியில் போட்டு முடிக்கப்பட்டது. சைரஸ் ஃபீல்டு என்னும் அமெரிக்க வணிகரின் விடாமுயற்சியால் நிறைவேறிய வேலை அது. கப்பலில் பத்து நாளுக்கு மேல் பயணம் செய்த செய்தி, இனி நொடியில் போய்ச் சேரும் என்று இரு நாட்டு மக்களும் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடினார்கள். அம்மாதம் 16ஆம் நாள் விக்டோரியா மகாராணியார் அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அச்செய்தியில் இருந்தவை 98 சொற்கள். அவற்றை அனுப்பி முடிக்க ஏறக்குறைய 16 மணி நேரம் பிடித்தது! ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் அத்துணை மெதுவாகவா ஓடுகிறது என்று நீங்கள் வியக்கலாம். குறை வேறிடத்தில் இருந்தது. கடலடிக் கம்பியின் நடுவில் செம்பு. அதைச் சுற்றி ஒரு மரப்பாலினால் ஆன உறை. அதற்கு வெளியே உப்புநீர். இவ்வமைப்பு, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் நீண்டதொரு சாடியைப் போல ஆகிவிடுகிறது. இங்கிருந்து அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் முதலில் அந்தச் சாடியை நிரப்ப வேண்டும். பிறகு அது வடிய வேண்டும். அது வடிவதற்குள் அடுத்த துடிப்பை அனுப்பினால், இரண்டும் கலந்து மறுகரையில் ஒன்றும் விளங்காமல் போய்விடும்.

மரப்பாலைக் குறிப்பிட்டேன். அது நம் மண்ணின் பொருள் என்பதை நேயர்கள் அறிய வேண்டும். மலாயாக் காடுகளில் வளர்ந்த கட்டாபெர்ச்சா மரத்தின் பால்தான் அது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமெரி 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மலாய் மொழியில் மரப்பாலைக் 'கெத்தா' என்பர். நம் தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்று நாம் வழங்கும் சொல்லும் அதிலிருந்து வந்ததே. கட்டாபெர்ச்சா மரத்தை வெட்டி வீழ்த்தியே பாலெடுத்ததால், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அம்மரம் நம் காடுகளில் அரிதாகிவிட்டது. உலகின் கடல்களுக்கு அடியில் செய்தி ஓடுவதற்கு நம் காடு கொடுத்த விலை அது.

மீண்டும் அட்லாண்டிக் கம்பிக்கு வருவோம். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று வில்லியம் தாம்சன் என்னும் பேராசிரியர் முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர் இவரே. ஆனால் நிறுவனத்தின் மின்துறைத் தலைவராக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. இவர் தொழிலால் ஓர் அறுவை மருத்துவர். செய்தி மெதுவாகப் போகிறதா? அப்படியானால் இன்னும் வேகமாகத் தள்ள வேண்டியதுதான் என்பது அவருடைய எண்ணம். பெரிய பெரிய மின்சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கம்பிக்குள் செலுத்தினார். தாம்சனோ மிகச் சிறிய மின்சாரத்தைப் பயன்படுத்தி, அதன் அசைவை ஒரு சிறு கண்ணாடியின் ஒளிப்புள்ளியால் காட்டும் கருவியைச் செய்திருந்தார். வாலண்டியா நிலையத்தில் செய்தியை உண்மையில் படிக்க உதவியது இந்தக் கண்ணாடிக் கருவிதான்.

குறைபாடுகளோடு பிறந்த அந்தக் கம்பி அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் அதன் பேச்சு நின்றுபோயிற்று. ஆனால் அதற்குள் அது ஒரு வேலை செய்திருந்தது. 1857ஆம் ஆண்டு இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதற்காக, வட அமெரிக்காவிலிருந்த இரண்டு படைப்பிரிவுகளைக் கப்பலேறச் சொல்லியிருந்தது பிரிட்டிஷ் அரசாங்கம். நிலைமை மாறியதும் 'புறப்பட வேண்டாம்' என்று ஒரு தந்தி போயிற்று. அந்த ஒரே தந்தியால் 50,000 பவுன் மிச்சமாயிற்று என்று அக்காலத்தில் கணக்கிட்டார்கள். உரிய நேரத்தில் போய்ச் சேரும் செய்தியின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை கம்பி செய்த விதத்தையும், வைத்துக் காத்த விதத்தையும், பயன்படுத்திய விதத்தையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறைகளை எடுத்துக்காட்டியது. கம்பியின் மின்தடையை அளந்து, பழுது கரையிலிருந்து எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் முறையும் வளர்ந்தது. 1866ஆம் ஆண்டு 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பல் போட்ட புதிய கம்பியில் செம்பின் எடை பழையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, உறையும் தடிப்பு. நிமிடத்திற்குச் சுமார் எட்டுச் சொற்கள் போயின. 1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபோது, இந்த அறிவெல்லாம் அதற்கு அடிப்படையாக இருந்தது.

நேயர்களே, இனி 1986ஆம் ஆண்டிற்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெர்க்லி நகரத்தில், ஓர் ஆய்வுக்கூடமும் ஒரு பல்கலைக்கழகமும் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் இடையே 400 கஜ தூரந்தான். இரண்டின் கணினிகளையும் இணைத்த பாதையில் அவ்வாண்டு அக்டோபர் மாதம் வேகம் திடீரென்று சரிந்தது. நொடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் 40 பிட் மட்டுமே ஓடிற்று. எண்ணூறில் ஒரு பங்கு! கம்பி அறுபடவில்லை; இயந்திரம் எரியவில்லை. பிறகு என்ன நடந்தது?

இதனை நம் தோட்டத்து உதாரணத்தால் விளக்குகிறேன். பால்வெட்டுத் தொழிலாளர்கள் வாளிகளோடு வந்து நிற்கிறார்கள். பால் நிறுக்கும் தராசு ஒன்றுதான் இருக்கிறது. வரிசை நீளுகிறது. 'என் பால் கணக்கில் ஏறியதோ இல்லையோ' என்று ஒவ்வொருவரும் ஐயப்பட்டு, ஏற்கெனவே நிறுத்த பாலுக்காக மறுபடியும் வரிசையில் வந்து நின்றால் என்ன ஆகும்? தராசு ஓயாமல் வேலை செய்யும். ஆனால் புதிய பால் நிறுக்கப்படாது. பெர்க்லியிலும் இதுதான் நடந்தது. அனுப்பிய செய்திக்குப் பதில் வரத் தாமதமானதும், அது தொலைந்துவிட்டது என்று கருதிக் கணினிகள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பின. அதனால் நெரிசல் மிகுந்தது. நெரிசலால் தாமதம் இன்னும் கூடியது.

வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்து ஒரு தீர்வு கண்டார்கள். அனுப்பும் கணினி எடுத்த எடுப்பில் கொட்டித் தள்ளக் கூடாது. சிறிதளவு அனுப்ப வேண்டும். பதில் வர வர அளவைக் கூட்ட வேண்டும். தடங்கல் தெரிந்தால் உடனே குறைக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு வெளியான இவ்வழிமுறையின் அடிப்படை, இன்றும் இணையத்தில் ஓடும் செய்திகளைப் பெருமளவில் ஒழுங்குபடுத்துகிறது. வைட்ஹவுஸ் மருத்துவர் செய்ததையும் பெர்க்லி கணினிகள் செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேகம் குறைந்தபோது இரண்டு இடத்திலும் மேலும் தள்ளினார்கள். தள்ளியதே நோயாகிவிட்டது. அளந்து பார்த்தவர்களே வழி கண்டார்கள்.

இப்போது, நாம் தொடங்கிய காப்பு நகலுக்கு வருவோம். அது மெதுவாக ஓடுகிறது என்றவுடன் பலர் புதுக் கணினி வாங்குகிறார்கள். அல்லது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓடவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பியின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்லுவார்கள். கோப்பின் அளவைப் பைட் கணக்கில் சொல்லுவார்கள். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட்தான். அதிலும் முகவரி, சரிபார்ப்பு முதலியவற்றுக்கான செலவு போக, கைக்கு வருவது ஏறக்குறைய 11 மெகாபைட். 500 கிகாபைட் பதிவுகளை இவ்வேகத்தில் நகலெடுக்கப் பன்னிரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். எட்டு மணி நேர இரவு அதற்குப் போதாது. நொடிக்கு 1,000 மெகாபிட் கம்பியில் அதே வேலை, மற்றவை ஒத்துழைத்தால், ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவதாக, பாதையைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். தகவலை வட்டிலிருந்து படிக்கும் வேகம் ஒன்று. கம்பியில் ஓடும் வேகம் ஒன்று. மறுபுறத்தில் எழுதும் வேகம் ஒன்று. இம்மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே மொத்த வேலையின் வேகம். தராசு ஒன்றாக இருக்கும்போது லாரியைப் பெரிதாக்கிப் பயனில்லை அல்லவா?

மூன்றாவதாக, கிடைத்த எண்ணைக் கவனிக்க வேண்டும். 1,000 மெகாபிட் இணைப்பு என்று நினைத்திருக்கும் இடத்தில் வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டாமல் நின்றால், அந்த இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று ஐயப்படலாம். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் கம்பிக்குள் எட்டு இழைகள் உள்ளன. 1,000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். ஓர் இழை முனையில் சரியாகப் பொருந்தாவிட்டால், இணைப்பு அறுபடாமல் குறைந்த வேகத்தில் ஓடக்கூடும். விளக்கு எரிகிறது, செய்தியும் போகிறது. ஆகவே எவரும் சந்தேகிப்பதில்லை. சில வெள்ளி விலையுள்ள கம்பியை மாற்றினால் தீர வேண்டிய குறை, மாதக் கணக்கில் நீடிக்கும்.

நான்காவதாக, கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய கோப்பு விரைவாகப் போகும். அதே அளவுள்ள ஓர் இலட்சம் சிறு கோப்புகள், ஒவ்வொன்றையும் திறந்து, பெயர் பதிந்து, மூட வேண்டியிருப்பதால், மிக மெதுவாகவே போகும். இங்கே கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐந்தாவதாக, காந்த நாடாவில் நகலெடுக்கும் நிறுவனங்கள் இன்றும் உள்ளன. அங்கே தகவல் மெதுவாக வந்தால் நாடா நின்று, பின்னால் சுற்றி, மீண்டும் ஓட வேண்டியிருக்கும். சப்பாத்துக்குப் பாலிஷ் போடும் துணியைப் போல முன்னும் பின்னும் போய்வருவதால், வேகம் மேலும் குறைவதோடு நாடாவும் தேய்ந்துபோகும்.

இறுதியாக ஒன்று. நகலெடுக்கும் வேகத்தை அளப்பவர்கள், அதைத் திரும்ப எடுக்கும் வேகத்தையும் அளந்து பார்க்க வேண்டும். பழுது நேர்ந்த நாளில் பதிவுகளை மீட்க மூன்று நாளாகும் என்றால், அந்த மூன்று நாளும் சம்பளம் போட முடியாது. சேர்க்கைக்கு வந்த பிள்ளைக்குச் சான்றிதழ் தர முடியாது. ஆண்டுக்கு ஒரிரு முறையாவது சில கோப்புகளைத் திரும்ப எடுத்து, திறந்து படித்துப் பார்ப்பது நல்லது.

நேயர்களே, உங்கள் பிள்ளைகள் கணினித் துறையில் வேலை பார்க்கலாம். நீங்களே ஒரு சங்கத்தின் கணக்கைக் கணினியில் வைத்திருக்கலாம். வேகம் குறைந்தது என்ற பேச்சு எழும்போது, எந்தத் துண்டில் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, எப்போதிலிருந்து குறைந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் எண்ணால் விடை கிடைத்த பிறகு, எதை வாங்குவது, எதை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்.